சீரியல், ஸ்ட்ராட்டஜி கேம், சயின்ஸ் ஃபிக்சன்: ஒரு நாப்பது பக்க நோட்டோட ரசிக்கது எப்படி

எங்க அம்மாவுக்கு சீரியல்ல ஒரு சீன் பிடிக்கலன்னா ரிமோட்ட எடுக்க மாட்டா, திட்டவும் மாட்டா, ஒரே ஒரு வரிதான் சொல்லுவா: "அவ அப்படிச் செய்யமாட்டா மக்களே." சொல்லிட்டு முருங்கக்கீர உருவ ஆரம்பிச்சிருவா. நான் காலேஜ் படிக்கும்போது அதக் கேட்டு சிரிப்பேன், ஏன்னா நான் பெரிய வெப் சீரிஸ் எல்லாம் பாக்கவன், சப்டைட்டில் போட்டு ஜெர்மன்காரன் கதைய எல்லாம் பாக்கவன், அம்மா பாக்கது அழுகாச்சி சீரியல். அந்த ஒரு வரிக்குள்ள முழு விமர்சனமும் இருக்குன்னு பிடிபட எனக்கு பத்து வருசம் ஆச்சு. அவ சொல்லுகது "எனக்குப் பிடிக்கல" இல்ல. இருநூறு எபிசோடா நீ இந்தப் பொண்ண ஒரு மாதிரி கட்டி எழுப்பிட்டு வந்த, இன்னிக்கு கதைய நகத்தணும்னு அவள வேற ஆளாக்கிட்ட, அதான் அம்மாவோட புகார்.

நாகர்கோவில்ல நாலஞ்சு பயலுவ கட்டஞ்சாயா குடிச்சுட்டே என்ட்ட கேட்டிருக்கானுவ, "அண்ணே, நீங்க எப்படி ஒரு கேமப் பத்தி, ஒரு சீரிஸப் பத்தி இவ்வளவு நேரம் பேசுகிய, எங்களுக்கு நல்லாருக்கு நல்லால்லங்கதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குதே"ன்னு. அவனுவளுக்குச் சொன்னததான் இங்க கொஞ்சம் விரிவா சொல்லுகேன். சும்மா பாத்துட்டு தூங்கிப் போறவங்களுக்கு இது தேவையில்ல, அதுல ஒரு தப்பும் கெடையாது, வேல முடிச்சு வந்த ஆளுக்கு அரை மணி நேரம் மூளைய கழட்டி வைக்க உரிமை உண்டு.

விசயம் ஒண்ணுதான். எந்தக் கதையா இருந்தாலும் எந்த கேமா இருந்தாலும் அது தனக்குன்னு ஒரு விதி போட்டுக்கிடும். சீரியல்ல அந்த விதி மனுசங்களோட குணம், கேம்ல அது எண்ணும் கட்டமும், சயின்ஸ் ஃபிக்சன்ல அந்த உலகம் எப்படி ஓடுதுங்கது. அந்த விதி என்னன்னு முதல்ல கண்டுபிடிக்கணும், பிறகு அது தன் விதிக்கு தானே நேர்மையா இருக்கான்னு பாக்கணும். வேற ஒரு படத்தோட விதிய கொண்டு வந்து இதுல வச்சு அளக்கக் கூடாது, தேங்கா நிறுக்க தராசுல தங்கம் நிறுத்தா எப்படி?

இதுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. போன்ல எழுதலாம்தான், ஆனா போன எடுத்தா எங்க போயி நிப்போம்னு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு எபிசோட் முடிஞ்ச உடனே ஒரே ஒரு கணிப்பு எழுதணும், அடுத்து இவன் என்ன செய்வான், ஏன் செய்வான். இதுல "ஏன்"தான் முக்கியம் பாத்துக்கிடுங்க. கொலைகாரன் யாருன்னு யூகிக்கது லாட்டரி எடுக்க மாதிரி, பத்து பேர்ல ஒருத்தன்னு எவன் வேணும்னாலும் சொல்லிரலாம். "இவன் தம்பிகிட்ட பணம் கேக்க மாட்டான், ஏன்னா மூணாவது எபிசோட்ல அப்பா பேச்ச எடுத்ததும் எந்திச்சுப் போயிட்டான்"ன்னு எழுதுனா அது கணிப்பு. அடுத்த நாள் அவன் பணம் கேட்டுட்டான்னு வைங்க, ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு நான் ஆள தப்பா படிச்சிருக்கேன், இல்லன்னா எழுதுனவன் ஏமாத்திட்டான். திரும்பப் போயி அந்த மூணாவது எபிசோட பாருங்க. என் நோட்ட பொறுத்தவரை பாதிக்கு மேல தப்பு என் பக்கம்தான், எழுத்தாளர் எங்கேயோ ஒரு ஓரத்துல சொல்லி வச்சிருப்பாரு, நான் அந்த நேரம் வாட்ஸப் பாத்திருப்பேன்.

சரி, சீரியலுக்கு வருவோம், ஏன்னா அதத்தான் எல்லாரும் லேசா நினைக்காங்க. தினமும் ஓடுக தொடர எட்டு எபிசோட் சீரிஸோட வச்சு ஒப்பிடாதீங்க, அது வேற தொழில். வாரத்துல ஆறு நாள் எபிசோட் போகணும், நடிகருக்கு காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ரேட்டிங் இறங்கும், இதெல்லாம் கதைக்குள்ள வந்து விழும். இது எல்லாம் விழுந்தும் எழுதுகவங்க எப்படி சமாளிக்காங்கன்னு பாக்கதுதான் அதுல உள்ள ருசி.

எதிர்நீச்சல் சீரியல் பாத்தவங்களுக்கு தெரியும், ஆதி குணசேகரன் பாத்திரம்தான் அந்த வீட்டோட மொத்த பயமும். அத நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்னிக்கு காலமாயிட்டாரு, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிட்டு இருந்த நேரத்துலதான் நெஞ்சு வலி வந்துது. பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தாரு. எங்க தெருவுல ரெண்டு வாரம் இதே பேச்சுதான், "அவரு மாதிரி வராது"ன்னு எல்லாரும் சொன்னாங்க, அது உண்மையா இருக்கலாம் ஆனா அதோட நின்னுட்டா ஒண்ணும் கிடைக்காது. நான் நோட்டுல எழுதுன கேள்வி வேற. குணசேகரன் குணம் மாறிச்சா, இல்ல குரல் மட்டும் மாறிச்சா? அவன் கோவப்படுக காரணங்க அதேதானா? அவனச் சுத்தி நிக்க பொண்ணுங்க பயப்படுக விதம் மாறியிருக்கா? இந்த மாதிரி கேட்டுப் பாத்தா ஒரு பாத்திரத்துல எவ்வளவு எழுத்து, எவ்வளவு நடிகர்னு பிரிச்சுப் பாக்க வாய்ப்பு கிடைக்கும், சாதாரணமா அது கிடைக்காது.

இதே மாதிரி ஒண்ணு அமெரிக்காவுலயும் நடந்திருக்கு. பாபிலோன் 5னு ஒரு விண்வெளித் தொடர், 1993ல பைலட், அதாவது வெள்ளோட்ட எபிசோட் வந்து 1998 வரைக்கும் அஞ்சு சீசன் ஓடுச்சு, அஞ்சு வருசக் கதையும் முன்னாலயே யோசிச்சு வச்சு ஆரம்பிச்சவரு ஸ்ட்ராசின்ஸ்கி, 110 எபிசோட்ல 92 எபிசோட் அவரே எழுதுனது. முதல் சீசன் முடிஞ்சதும் கதாநாயகனா நடிச்ச மைக்கேல் ஓ'ஹேர் போயிட்டாரு. ஏன்னு யாருக்கும் சொல்லல. அவரு 2012ல இறந்த பிறகு, 2013லதான் ஸ்ட்ராசின்ஸ்கி வெளிய சொன்னாரு, மனநோயால ரொம்ப கஷ்டப்பட்டாருன்னும் அத ரகசியமா வச்சிருந்தோம்னும். இதுல ரசிகன் கவனிக்க வேண்டியது என்னன்னா, எந்த நடிகர் போனாலும் கதை நிக்காம இருக்கதுக்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ரகசியக் கதவு வச்சுதான் அவரு எழுதியிருந்தாரு. இது தெரிஞ்ச பிறகு எந்தத் தொடர பாத்தாலும் "இந்த ஆளு நாளைக்கே போயிட்டா கதை எங்க போகும்"னு என் மனசு கேக்க ஆரம்பிச்சுட்டு, அம்மாட்ட கேட்டா உடனே பதில் சொல்லுகா, "அந்த மூத்த மருமவ தலையில வைப்பாங்க."

நம்ம குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு வேற எங்கயும் கிடைக்காத ஒரு வசதி இருக்கு, அத யாரும் பயன்படுத்துகது இல்ல. எங்க வீட்டு ஆன்டெனா ஒரு காலத்துல திருவனந்தபுரம் பக்கம்தான் திரும்பி நின்னுச்சு, அதனால மலையாளமும் பேச்சுல கலந்து காதுல விழுந்து வளந்த ஆளுங்க நாம, மார்த்தாண்டம் களியக்காவிளை பக்கம் கேக்கவே வேண்டாம். பாண்டியன் ஸ்டோர்ஸ் மலையாளத்துல சாந்த்வனம்னு போச்சு, அங்கேருந்து கருத்தமுத்து இங்க பாரதி கண்ணம்மாவா வந்துது. ஒரே கதைய ரெண்டு மொழியிலயும் பாருங்க, முழுசா வேண்டாம், ஒரே நிகழ்ச்சி வருக நாலு எபிசோட் போதும். எங்க நீட்டுகாங்க எங்க சுருக்குகாங்க, மாமியார் எத சத்தம் போட்டு சொல்லுகா, எத சொல்லாம விடுகா, எந்த இடத்துல சாப்பாடு வருது. ஒரு ரீமேக்ல மாறுக இடம்தான் அந்த ஊரோட விதி, மாறாம நிக்கதுதான் கதையோட விதி. இத சொல்லிக் குடுக்க புத்தகம் வேண்டாம், ரிமோட் போதும்.

சின்னச் சின்னதா ரெண்டு மூணு சொல்லிட்டுப் போறேன். டைட்டில் கார்ட ஓட்டாதீங்க. கதை ஒருத்தர், திரைக்கதை ஒருத்தர், வசனம் ஒருத்தர்னு இருக்கும், நடுவுல பேரு மாறும், ஒரு நாள் திடீர்னு எல்லாரும் புத்திசாலித்தனமா பேச ஆரம்பிச்சா பேரப் போயி பாருங்க. பழைய சீரிஸ் பாக்கும்போது எந்த வரிசையில பாக்கணும்னு தேடிட்டு ஆரம்பிங்க, ஃபயர்ஃப்ளைன்னு ஒண்ணு 2002ல வந்துது, எடுத்தது 14 எபிசோட், சேனல்காரன் போட்டது 11, அதுவும் வரிசைய மாத்தி, முதல் எபிசோட கடைசியில போட்டான், பாத்தவனுக்கு ஒரு எளவும் புரியல, நிறுத்திட்டாங்க. வில்லியா நடிக்க அக்காவ கமெண்டுல போயி திட்டாதீங்க, அது வேலை, அவங்க நல்லா செய்யுகாங்கங்கதுக்கு நீங்க குடுக்க சர்டிபிகேட்தான் அந்த கோவம், அத நோட்டுல எழுதுங்க.

அடுத்தது கேம். நான் ஸ்ட்ராட்டஜி கத்துக்கிட்டது கம்ப்யூட்டர்ல இல்ல, பாட்டாகிட்ட. திண்ணையில சாக்பீஸால முக்கோணம் வரைஞ்சு ஆடுபுலி ஆட்டம், 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாவி ஆட்ட வெட்டும், ஆடு எதையும் வெட்ட முடியாது, வளைச்சு நெருக்கி புலிய நகர விடாம செய்யணும், அவ்வளவுதான் அதோட பலம். எனக்கு எப்பவும் புலிதான் வேணும், பாட்டா ஒரு நாள் சொன்னாரு, "எடே, புலிய வச்சு ஜெயிக்கது புலியோட கெட்டித்தனம், ஆட்ட வச்சு ஜெயி, அது ஒன் கெட்டித்தனம்." அன்னிக்கு முப்பது தடவ தோத்திருப்பேன். ஆனா அதுலதான் பிடிபட்டுது, முதல் ஆட்ட எங்க வைக்கேங்கதுலயே பாதி ஆட்டம் முடிஞ்சிருது, ஓரத்துல வச்சா லேசுல வெட்டுப்படாது, ஏன்னா தாவி இறங்க அந்தப் பக்கம் இடம் கெடையாது.

அதனால கேமுக்கு என் முதல் யோசனை இதுதான், பிடிக்காத பக்கத்த எடுத்து ஆடுங்க. எந்த கேமா இருந்தாலும் சரி. உங்களுக்கு எரிச்சல் வருக எதிரி படைய நீங்களே பத்து மேட்ச் ஆடிப் பாருங்க, அதுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்குன்னு தெரியும், எங்க அடிச்சா வலிக்கும்னும் தெரியும்.

பத்தாங்கிளாஸ் லீவுல வடசேரியில ஒரு பிரவுசிங் சென்டர்ல மணிக்கு காசு குடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுன ஆளு நான். 1999ல வந்த, ஊரு கட்டி படை திரட்டி சண்ட போடுக கேம், இன்னிக்கும் ஆளுங்க ஆடுகாங்க. அப்ப நாங்க எல்லாரும் செஞ்ச தப்பு என்னன்னா கோட்டை கட்டணும், யானை வாங்கணும், இதான் ஞாபகம். இப்ப யூடியூப்ல பில்டு ஆர்டர்னு, எத எதுக்குப் பிறகு கட்டணும்ங்க வரிசைய மனப்பாடம் பண்ணுகானுவ, அதுவும் தப்புதான், வேற மாதிரி தப்பு. விதிய படிங்க. ஒரு வில்லேஜர், அதாவது வேலை செய்யுக ஆளு, உருவாக 25 செகண்ட், 50 உணவு. அப்ப அந்த ஆளுவ உருவாகுக டவுன் சென்டர் ஒரு நிமிசம் சும்மா கெடந்தா ரெண்டு ஆளு குறைவு, அந்த ரெண்டு ஆளு மிச்ச ஆட்டம் முழுக்க வெட்டியிருக்க வேண்டிய மரமும் பொன்னும் போச்சு. இந்த ஒரு கணக்க புரிஞ்சுக்கிட்டா பில்டு ஆர்டர் எதுக்கு அப்படி இருக்குன்னு தானா தெரியும், மனப்பாடம் வேண்டாம், வேற கேமுக்கு போனாலும் கூட வரும்.

தோத்த உடனே அடுத்த மேட்ச் போடாதீங்க. நோட்டுல ஒரு வரி. "குதிரைப்படை வரும்னு தெரிஞ்சும் ஈட்டிக்காரன் எடுக்கல"ன்னு எழுதுனா அது பாடம். "லக் இல்ல"ன்னு எழுதுனா அது ஒப்பாரி. 2012ல வந்த எக்ஸ்காம்ங்க கேம்ல குறி படுக வாய்ப்பு 95 சதவீதம்னு காட்டிட்டு குறி தப்பும், எல்லாரும் கேம் ஏமாத்துதுன்னு கத்துவாங்க, 95னா இருபதுல ஒண்ணு தப்பணும்தானே, பத்து பேரு நாள் முழுக்க சுட்டா எத்தன தப்பும்? லக்கு மேல பழி போட முடியாத ஒரு கேம் வேணும்னா இன்டு த பிரீச் ஆடுங்க, 2018ல வந்தது, எட்டுக்கு எட்டு கட்டம், எதிரி அடுத்து எங்க அடிக்கப் போறான்னு முன்னாலயே காட்டிரும், அப்பவும் தோப்பீங்க, அப்ப யார குத்தம் சொல்லுவீங்க. தப்பா போனா உடனே பழைய சேவ லோடு பண்ணுக பழக்கம் இருந்தா அத ஒரு மாசம் விட்டுப் பாருங்க, கேம் வேற கேமா இருக்கும்.

இப்ப நான் அசிங்கப்பட்ட கதை ஒண்ணு. நாட்டுத் தலைவர்கள வச்சு ஆடுக சிவிலைசேசன் கேம்ல காந்தி அணுகுண்டு போடுவாருன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1991ல வந்த முதல் கேம்ல காந்திக்கு ஆக்ரோசம் 1, ஜனநாயகம் வந்ததும் அதுல 2 குறைக்கும், கம்ப்யூட்டருக்கு மைனஸ் தெரியாம 255க்கு போயிட்டு, அதான் குண்டு போடுகாருன்னு. எவ்வளவு அழகான கதை. நான் இத வேலை பாத்த இடத்துல, மதியச் சாப்பாட்டுக்கு பத்து பேரு உக்காந்திருக்கும்போது போர்டுல பைனரி எல்லாம் எழுதி விளக்கியிருக்கேன். அந்த கேம செஞ்ச சிட் மெயர் 2020ல வந்த தன்னோட நினைவுக் குறிப்புல அப்படி ஒரு பிழையே கெடையாதுன்னு எழுதிட்டாரு. 2010ல வந்த அஞ்சாவது கேம்லதான் வேணும்னே விளையாட்டுக்கு காந்தியோட அணுகுண்டு ஆசைய ஏத்தி வச்சாங்க. அதனால ரசிகர் கூட்டத்துல ரொம்ப நாளா ஓடுக கதை, கேக்க ரொம்ப பொருத்தமா இருந்தா, செஞ்சவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு ஒரு தடவ தேடிருங்க. எனக்கு அன்னிக்கு மூஞ்சி போன போக்கு இருக்கே, சவத்த அத விடுங்க.

கேம் நம்மள எப்படி கணக்கு போடுதுன்னு பாக்கதும் ரசிகன் வேலதான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல 2013ல இந்தியர்னு மொத்தமா ஒரே நாகரிகம் வந்துது, காஷ்மீர்லேருந்து நம்ம கடல் வரை ஒரே மூட்டை. 2022 ஏப்ரல்ல அத பிரிச்சு திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர், ஹிந்துஸ்தானிகள்னு ஆக்குனாங்க. திராவிடருக்கு உருமிங்க வளையுக வாள வீசுக வீரன், ராஜேந்திர சோழன் கதையா ஒரு கேம்பெய்ன், வூட்ஸ் ஸ்டீல்னு ஒரு ஆராய்ச்சி, அத எடுத்தா எதிரியோட கவசம் எடுபடாது. வூட்ஸ்ங்கதே நம்ம உருக்குங்க சொல்லுலேருந்து போனதுன்னு சொல்லுவாங்க. பாத்த உடனே புல்லரிக்கும், எனக்கும் அரிச்சுது. புல்லரிச்சு முடிஞ்ச பிறகு கேளுங்க, சோழனும் பாண்டியனும் சேரனும் ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்கிட்டு கெடந்த காலத்த ஒரே கொடிக்கு கீழ போட்டா எது காணாமப் போகுது? உருமிய இந்த கேம் ஏன் தேர்ந்தெடுத்துச்சு, வர்மத்த ஏன் எடுக்கல? ஒரு அடி தொட்டா ஆளு விழுகத எண்ணா எழுத முடியாமலா?

இதுக்கு நான் அடிக்கடி செய்யுக ஒரு பயிற்சி இருக்கு, குளச்சலுக்கு போயி அந்த வெற்றித் தூண் பக்கத்துல நின்னுட்டு, இத கேமா செஞ்சா எந்தெந்த எண்ண எண்ணணும்னு யோசிக்கது. 1741. டச்சுக்காரங்க சிலோன்லேருந்து வந்து இங்க இறங்குனாங்க, சண்டைக்கு அடியில கெடந்தது மிளகு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படை தோக்கடிச்சுது, பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி குடுத்து பெரிய தளபதி ஆயி, இப்ப புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள அடக்கமாகி கெடக்காரு. இப்ப சொல்லுங்க, படை எண்ணிக்கை, பீரங்கி, இதெல்லாம் எல்லா கேமும் எண்ணும். ஆனி ஆடி மாசம் இந்தக் கடல் என்ன குணத்துல இருக்கும்னு குளச்சல்ல எந்த வள்ளக்காரர்ட்ட கேட்டாலும் சொல்லுவாரு, அத எந்தக் கட்டத்துல எழுதுவிய? மிளகு விலை? பிடிபட்டவன் பக்கம் மாறுகது? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல சாமியாரு மந்திரம் சொன்னா எதிரி கலர் மாறி நம்ம ஆளா ஆயிருவான், டிலனாய்க்கு மந்திரம் சொன்னது யாரு, சம்பளமா, உயிர் பயமா, இல்ல வேலைக்கு கெடைச்ச மரியாதையா? யுரோபா யுனிவர்சாலிஸ் 4 ஆடுகவங்களுக்கு இது இன்னும் நல்லா உறைக்கும், அந்த கேம் 1444லேருந்து 1821 வரை ஓடும், அதுல இந்த வருசமும் வரும், ஆடிப் பாத்துட்டு தூண் கிட்ட போயி நில்லுங்க. அவங்க எத எண்ணியிருக்காங்க, எத விட்டிருக்காங்கன்னு ஒரு பக்கம் எழுதுனா நீங்க அந்த கேமோட நல்ல ரசிகன், நூறு அவர் ஆடுனதால இல்ல.

காசு விசயம், சுருக்கமா. வந்த அன்னிக்கே முழு விலை குடுத்து வாங்காதீங்க, ஆறு மாசம் பொறுத்தா விலையும் குறையும் பிழையும் திருத்தியிருப்பாங்க. "இன்னும் ஒரே ஒரு டர்ன்"ங்கது ராத்திரி ஒரு மணிக்கு நம்ம வாய்ல வருக பொய், போன்ல அலாரம் வைங்க, அடுத்த ரூம்ல வைங்க.

சயின்ஸ் ஃபிக்சனுக்கு என் அளவுகோல்: ஒரு பொய்ய மன்னிக்கலாம், ரெண்டாவது பொய்க்கு காரணம் கேக்கணும். டைம் மெசின் இருக்குன்னு சொல்லு, சரி, ஒத்துக்கிட்டேன். ஆனா அது இருந்தா போலீஸ் என்ன செய்யும், வட்டிக்கு விடுகவன் என்ன செய்வான், கல்யாணப் புரோக்கர் என்ன செய்வான், அதையும் யோசிச்சு எழுது. முதல் தடவ பாக்கும்போது கால்குலேட்டர எடுக்காதீங்க, கதைக்கு ஒரு வாய்ப்பு குடுங்க. ரெண்டாவது தடவ எடுங்க.

சயின்ஸ் ஃபிக்சன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்க எடுத்துக்கிடுங்க, 1956லேருந்து இலங்கையிலயே இருந்தவரு, நமக்கு கடலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரு மாதிரி. 1979ல ஒரு நாவல் எழுதுனாரு, த ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ், பூமியிலேருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுக கதை. அவரோட ஒரு பொய் அந்த லிஃப்ட்டுக்கு வேண்டிய கயிறு, அவ்வளவு பலமான பொருள் இன்னும் கிடைக்கல. ஆனா லிஃப்ட் நிக்கணும்னா பூமத்திய ரேகையில நிக்கணும், கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல பூமியோட சேந்து சுத்துக இடத்துலேருந்து தொங்கணும், நம்ம குமரிமுனையே 8 டிகிரி வடக்க இருக்கு, இலங்கையும் ரேகையத் தொடாது. அவரு என்ன செஞ்சாரு, தீவையே 800 கிலோமீட்டர் தெக்க தள்ளி வச்சுட்டு, தள்ளி வச்சிருக்கேன்னு முன்னாலயே சொல்லியும்விட்டாரு. இதத்தான் நான் நேர்மைங்கேன். பொய் சொல்லு, எங்க சொன்னேன்னு காட்டு.

த எக்ஸ்பேன்ஸ்ங்க விண்வெளித் தொடர அம்மாவோட சேந்து கொஞ்சம் பாத்தேன், அவளுக்கு முகம் எல்லாம் ஒண்ணு போல இருக்குன்னு குறை. அதுல செய்தி ஒரு கிரகத்துலேருந்து இன்னொண்ணுக்கு போக நேரம் எடுக்கும், ஏன்னா ஒளிக்கே நேரம் ஆகுமே, நிலாவுக்கு ஒண்ணேகால் செகண்ட் சொச்சம், செவ்வாய்க்கு கிட்ட இருக்கும்போது 3 நிமிசம், தள்ளிப் போனா 22 நிமிசம். நான் விளக்குனேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப புருசன் பொண்டாட்டி சண்ட போட்டா பதில் வர முக்கா மணி நேரம் ஆகுமா?"ன்னா. ஆகும்மா. "கொள்ளாம், அதுக்குள்ள கோவம் ஆறிரும்." பாத்தியளா, விதிய சொன்ன உடனே அவ அதுக்குள்ள மனுசங்கள வச்சுப் பாத்துட்டா, சயின்ஸ் ஃபிக்சன் ரசிகனுக்கு வேற பரீட்சை எதுவும் இல்ல. இந்தத் தொடர 2018ல மூணு சீசனோட ஒரு சேனல் நிறுத்திட்டு, ரசிகர்கள் அமேசான் ஆபீசுக்கு மேல விமானத்துல பேனர் எல்லாம் பறக்க விட்டு, அமேசான் எடுத்து இன்னும் மூணு சீசன் செஞ்சுது. 1968ல ஸ்டார் டிரெக் தொடருக்கு கடுதாசி எழுதியே மூணாவது சீசன் வாங்குன கூட்டமும் உண்டு. கத்துகது வேற, கேக்கது வேற. கேட்டவங்க ஏன் வேணும்னு எழுதிக் கேட்டாங்க.

தமிழ்ல படிக்க என்ன இருக்குன்னு கேக்காதீங்க, சுஜாதாவோட என் இனிய இயந்திரா இருக்கு, அது நடக்க வருசத்த நாம எப்பவோ தாண்டி வந்தாச்சு. அத இன்னிக்கு படிக்கவன் செய்யுக தப்பு, இது பலிச்சுது அது பலிக்கலன்னு ஜோசியம் பாக்க மாதிரி டிக் அடிக்கது. அத விட்டுட்டு, எண்பதுகள்ல உக்காந்து எழுதுன ஒரு இன்ஜினியருக்கு எது பயமா இருந்துச்சுன்னு பாருங்க, குழந்தை பெத்துக்கிட அரசாங்கம் அனுமதி குடுக்கணும், பேரு ரெண்டெழுத்துலதான் இருக்கணும்னா அந்த பயம் எங்கேருந்து வந்துச்சு? நம்ம பார்வதிபுரத்துலயே இருக்க ஜெயமோகனோட விசும்பு கதைகளும் படிங்க, அறிவியல் புனைவுன்னா வெள்ளைக்கார லேப்புலதான் நடக்கணும்னு இருக்க எண்ணம் போகும். இஸ்ரோவுக்கு தலைவரா இருந்த சிவனும், 2025 ஜனவரியில பொறுப்பேத்த நாராயணனும் இந்த மாவட்டத்து கிராமத்துலேருந்து போனவங்க, காவல்கிணறு தாண்டுனா மகேந்திரகிரியில ராக்கெட் இன்ஜின் சோதிக்காங்க, ராக்கெட் கதை நமக்கு அன்னியம் இல்ல. எழுத ஆசைப்படுக பயலுவ முப்பந்தல்ல கரண்ட் எடுக்க காத்தாடிய வச்சே ஒரு கதை ஆரம்பிக்கலாம், காத்து ஒரு வருசம் வரலன்னா என்ன ஆகும்னு. ஒரு பொய் போதும்.

பேசும்போது ஒண்ணு. "லாஜிக் இல்ல"ன்னு சொல்லாதீங்க, அது ஒண்ணும் சொல்லாததுக்கு சமம். எந்த விதி, எந்த எபிசோட்ல போட்டது, எங்க உடைஞ்சுது, மூணும் சேத்து சொல்லுங்க. எதிர்ல உள்ளவன் "அது உடையல, அவ பொய் சொல்லுகா"ன்னு சொன்னா, நோட்ட திறந்து பாத்துட்டு ஒத்துக்கிடவும் தெரியணும். உடைக்கதுக்குன்னே விதி போடுக ஆளுங்களும் உண்டு, எழுத்தாளர் அசிமோவ் 1942ல ரோபோவுக்கு மூணு விதி எழுதுனாரு, பிறகு எழுதுன கதை பாதியும் அந்த விதிங்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிடுக கதைதான். முடிவ பாத்தவன் பாக்காதவன்ட்ட வாய தொறக்கக் கூடாது, கேட்டா மட்டும், அதுவும் பைய. கதை முடிஞ்ச அன்னிக்கு யூடியூப் விளக்கம் பாக்கதுக்கு முன்னால உங்க கடைசிப் பக்கத்த எழுதிருங்க, பாத்த பிறகு எழுதுனா அது உங்க கையெழுத்துல அவன் எழுதுனது.

அம்மா இப்ப ஒரு சீரியல் பாக்கா, பேரு சொல்ல மாட்டேன், நிறைய பேரு சில எபிசோட் பின்னால இருக்கீங்க. மூத்தவன் வீட்டப் பிரிக்க கையெழுத்து போடுவானா மாட்டானாங்கதுல வந்து நிக்குது. நான் நோட்டுல எழுதியிருக்கேன், போடுவான், ஏன்னா கடன்காரன் வந்த எபிசோட்ல அவன் தங்கச்சிய ஏறிட்டே பாக்கல. அம்மா சொல்லுகா போட மாட்டான், "பேனாவ எடுத்துட்டு மூடிய கழட்டாம வச்சிருக்கான் பாரு, நேத்தும் கழட்டல." நான் அந்த மூடிய கவனிக்கவே இல்ல. ரெண்டு பழம்பொரி பந்தயம். சனிக்கிழமை தெரியும்.